மண்ணுக்கு ஒன்று

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க வராது. பந்தியில் ரசம் வேண்டுமென்றால்கூடக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மோருக்குப் போய்விடுகிற ஆள். அப்படிப்பட்டவன் அறம், நெறி என்று பெரிய பேச்சை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதையே என் மனைவி எழுதியிருந்தால் என்னைவிட நன்றாக எழுதியிருப்பாள். அவள் எழுதிவிடுவாளோ என்று பயந்துதான் நான் முந்திக்கொண்டேன். அதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு சேகோ மில்லில் இருபது வருடம் பாயிண்ட் பிடித்தவன் நான். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவெடுத்து ஜவ்வரிசி ஆக்குகிற மில். கிழங்கு வண்டி வந்து நின்றதும் மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்து, கம்பிக் கூடையில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தித் தூக்குகிற தராசு ஒன்று இருக்கும். மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீரிலும் கனமாக நிற்கும். தராசின் முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பாயிண்ட். பாயிண்டை வைத்துத்தான் கிழங்குக்கு விலை. முள் என் பக்கம் திரும்பியிருக்கும். விவசாயி எதிர்ப்பக்கம் நிற்பார். நான் எண்ணைச் சத்தமாகச் சொல்வேன், மேஸ்திரி எழுதிக்கொள்வார். நாள் முழுக்க நான் சத்தமாகப் பேசுவது அந்த எண்கள் மட்டுமே.

என் மனைவி பன்னிரண்டாவது படித்தவள். எங்கள் ஊர் மகளிர் குழுவில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டம் இருந்தால் குழுக்களுக்கெல்லாம் மேற்பார்வை பார்க்கிற வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் வணிக நிர்வாகப் படிப்பில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில் ஒரு கல்லூரியில் நேர்வகுப்பு. நான்தான் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொறாமை வந்தது அடுத்த வாரம்.

முதல் ஞாயிறு துணைக்குப் போனேன். கல்லூரி வாசலில் இருந்த காவலாளி அவளைப் பார்த்து, “மேடம், கிளாஸ் மாடியில” என்றார். என்னைப் பார்த்து, “நீங்க இப்படி ஓரமா நில்லுங்க” என்றார். எங்கள் ஊரில் அவளை மேடம் என்று சொன்னவர் யாருமில்லை. என்னையும் யாரும் சார் என்று சொன்னதில்லைதான். மில்லில் எனக்குப் பாயிண்டுக்காரர் என்று பெயர். அதுவரை இரண்டு பேருமே எதுவுமாக இல்லாமல் இருந்தோம். அன்று படியேறும்போது அவள் மட்டும் மேடம் ஆகிவிட்டாள். அவள் திரும்பி, “பன்னெண்டரைக்கு வந்துருவனுங்க, எங்கயாச்சும் காப்பி சாப்புடுங்க” என்று சொன்னதுகூட எனக்குக் குத்தியது.

பாடப்புத்தகங்கள் பழுப்புத்தாளில் அச்சிட்டவை. அவற்றில் ஒன்றின் அட்டையில் ‘வணிக நெறி’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் நெறி என்றால் நெறி கட்டுவதுதான். காலில் முள் குத்திப் புண் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் ஒரு கட்டி வீங்குமே, அதுதான் நெறி.

“ஏம்புள்ள, யாவாரத்துக்கு எந்த எடத்துல நெறி கட்டுது?” என்று கேட்டேன்.

“அந்த நெறி இல்லீங்க. நெறின்னா வழி. ஞாயமான வழி.”

“அப்பறம் ஏன் அத நெறிங்கறாங்க, தொடையில வாரத?”

யோசித்தாள். “சாரக் கேக்கறனுங்க” என்றாள். கேட்டாளா என்று தெரியாது. அவள் எதற்கெடுத்தாலும் சாரைக் கேட்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

விடிகாலையில் எழுந்து அடுப்பில் பால் வைத்துவிட்டு மனப்பாடம் செய்வாள். புத்தகத்தை என் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். நான் ஒரு வரி படிப்பேன், அவள் மீதியை ஒப்பிப்பாள். இப்படியே ஆறு மாதத்தில் அந்தப் புத்தகம் எனக்கும் ஏறிவிட்டது. அதிலிருந்த மூன்று கோட்பாடுகளை இன்றைக்கும் சொல்வேன். முதலாவது, ஒரு காரியத்தின் பலனைப் பார்க்கச் சொல்கிறது. நிறையப் பேருக்கு நன்மையென்றால் அது சரி. இரண்டாவது பலனைப் பார்க்காதே, கடமையைப் பார் என்கிறது. நீ செய்கிறதை எல்லாரும் செய்தால் உலகம் தாங்குமா என்று கேட்கிறது. அதோடு விடாமல், நல்லதையே செய்தாலும் எதற்காகச் செய்தாய் என்று கேட்கும். ஊர் மெச்ச வேண்டுமென்று செய்தால் அதற்கு மார்க் இல்லை. மூன்றாவது, காரியத்தை விடு, செய்கிற ஆள் எப்படிப்பட்டவன் என்று பார் என்கிறது.

மூன்றையும் அவள் சில நாள் குழப்பிக்கொள்வாள். எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. ஆனால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்? பரீட்சை அவளுக்குத்தானே.

ஒருநாள் அவளுக்கு உதாரணம் ஒன்றும் அகப்படவில்லை. நான்தான் சொன்னேன். “முட்டைக் கடைய எடுத்துக்க. கீறல் விட்ட முட்டைய அட்டையில அடி வரிசையில வெச்சுக் குடுக்கறான். வாங்கறவன் ஊட்டுக்குப் போயித்தான் பாப்பான். இவன் வெக்கற மாதிரி எல்லாரும் வெச்சா, நாமக்கல்லுல எவன் முட்டைய நம்பி வாங்குவான்? இதான் ரெண்டாவது.”

அதை எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்து வந்தவளின் முகம் மலர்ந்திருந்தது.

“முட்டை உதாரணம் பிரமாதம்னு சார் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனாருங்க.”

“ஆரு சொன்னதுன்னு சொன்னியா?”

“அதெல்லாம் எதுக்குங்க கேக்கறாங்க!”

முட்டை என்னுடையது, பாராட்டு அவளுக்கு. சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் கேள்வி கேட்கச் சொன்னபோது கண் வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் சொட்டு மருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். வலிக்காத கண்ணில் போட்டுக்கொண்டேன்.

துணைக்கு இனி வர வேண்டாம், வழி பழகிவிட்டது என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கோ வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த விலைக்குக் கிடைக்கும், வாங்கிவர வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் கல்லூரிக்குப் போவாள். நான் பையோடு பேட்டைச் சந்துகளில் திரிவேன். அரைக் கிலோ கடுகு வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்குவேன். வீட்டில் கடுகு நிறைந்துபோனது. “இன்னும் எத்தனை வருசத்துக்குங்க தாளிக்கறது?” என்று அவளே கேட்டுவிட்டாள்.

இப்படியிருக்கும்போது கட்டுரை எழுதும் வேலை வந்தது. தனக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு, அதில் நடக்கும் ஒரு வழக்கத்தை மூன்று கோட்பாடுகளையும் வைத்து ஆராய்ந்து எழுத வேண்டும். ஆள் பெயரோ மில் பெயரோ வரக்கூடாது. எழுதியதை வகுப்பில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும்.

“ஏனுங்க, உங்க பாயிண்டப் பத்தி எழுதட்டுங்களா?” என்று கேட்டாள்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ஆறு மாதத்தில் முதல் தடவையாக, சாரைக் கேட்காமல் என்னைக் கேட்கிறாள். சாருக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற விஷயம் இது ஒன்றுதான். அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அரிசி அரிக்கிற கூடையை அதில் இறக்கி, கிழங்குக்குப் பதில் உருளைக்கிழங்கைப் போட்டு விளக்கிக் காட்டினேன். எப்படி எடுத்தால் பாயிண்ட் கூடும், எப்படி எடுத்தால் குறையும், மழைக் கிழங்கு எப்படி, கொல்லிமலைக் கிழங்கு எப்படி என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் எழுத எழுத எனக்கு வாய் நிற்கவில்லை. அந்த உற்சாகத்தில்தான் மண்பாயிண்டையும் சொன்னேன்.

மண்பாயிண்ட் என்பது எங்கள் மில் வழக்கம். நான் சேர்ந்த புதிதில் பெரிய முதலாளி சொன்னது. கிழங்கில் மண் ஒட்டியிருக்கும், ஆகவே முள் காட்டுவதில் ‘மண்ணுக்கு ஒண்ணு’ தள்ளிச் சொல்ல வேண்டும். முள் இருபத்தேழு காட்டினால் நான் இருபத்தாறு என்பேன். அந்த ஒன்று மில்லுக்கு. பெரியவர் போய் மகன் வந்த பிறகும் அதுவே நடந்தது. கிழங்குக்காரர்களுக்கும் அரசல்புரசலாகத் தெரியும்.

அவள் பேனாவை நிறுத்தினாள். “மழை காலத்துல சரிங்க. வெயில் காலத்துல ஏதுங்க மண்ணு? உதுத்தாப் போயிருமே?”

“அது வழக்கம் புள்ள.”

“அப்ப வருசம் பூராவுமா?”

“வழக்கம்னா அப்பறம் எப்படி?”

அவள் ‘வழக்கம்’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். முக்கியமானதைத்தான் கோடு போடுவாள் என்று எனக்குத் தெரியும். நம் பேச்சில் ஒரு சொல்லுக்குக் கோடு விழுந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அவ்வளவு முட்டாளாக என்னை ஆக்கி வைத்திருந்தது அந்தப் பொறாமை.

அவள் படிக்க வேண்டிய ஞாயிறு வந்தது. சித்திரை வெயில். பேட்டையில் கால் வைக்க முடியவில்லை. பையோடு கல்லூரிக்கே திரும்பினேன். காவலாளிக்கு என் முகம் பழகிவிட்டதால், “உள்ள போயி ஃபேனுக்கடியில உக்காருங்க பெரியவரே, கடைசி பெஞ்சு காலியாத்தான் கெடக்கும்” என்று அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்பது. பெரியவரே என்றதையும் விழுங்கிக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்தேன். வகுப்பில் பதினைந்து பேர் இருப்பார்கள். அவள் முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். தலை தாளில் கவிழ்ந்திருந்ததால் நான் வந்ததை அவள் பார்க்கவில்லை.

நன்றாகப் படித்தாள். அவ்வளவு நிறுத்தி நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. தொட்டி, கூடை, முள் என்று என் வேலை முழுவதும் அவள் குரலில் வந்தது. மண்ணுக்கு ஒண்ணு என்கிற இடம் வந்தபோது முன்வரிசையில் யாரோ ‘ச்ச்’ கொட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே படிக்கப்படுவது கிழங்கைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி.

அவள் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தாள். சார் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். “பேசலாம். இதுல யார் மேல தப்பு?” என்றார்.

மோட்டார் சைக்கிள் ஷோரூமில் வேலை பார்க்கிற ஒருவர் உடனே எழுந்தார். “சார், சந்தேகமே இல்ல. அந்தத் தராசுக்காரன்தான் மொதல் திருடன். மொதலாளி ஏசி ரூமுல இருக்காரு. நம்பரச் சொல்ற வாயி இவன் வாயி.”

பள்ளிபாளையத்திலிருந்து வரும் ஒரு அம்மா, ஜவுளிக் கம்பெனியில் துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறவராம், உட்கார்ந்தபடியே சொன்னார்: “வாயி அவரு வாயிதான் சாமி. வவுறும் அவரு வவுறுதான? நீ நாளைக்கு உங்க ஷோரூமுல எல்லா வண்டியப் பத்தியும் உள்ளதச் சொல்லிப்போட்டு வந்து இங்க பேசு.”

சிரிப்பு எழுந்தது. ஷோரூம்காரர் விடவில்லை. “அக்கா, நான் மைலேஜு கொஞ்சம் கூடச் சொல்லுவேன். அது வேற.”

“ஆமாமா, அது வேற. கூடச் சொன்னா புண்ணியம், கொறச்சுச் சொன்னாத்தான் பாவம்.”

மறுபடியும் சிரித்தார்கள். சார் முதல் கோட்பாடு, இரண்டாவது கோட்பாடு என்று பலகையில் எழுதிக்கொண்டே போனார். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பலகையில் என்னை மூன்று கட்டமாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. ஆள் எப்படிப்பட்டவன் என்கிற கட்டம்.

சார் என் மனைவி பக்கம் திரும்பினார். “மேடம், நீங்கதான் நேர்ல பார்த்து எழுதியிருக்கீங்க. நீங்க சொல்லுங்க. அந்த ஆள் எப்படிப்பட்டவர்?”

எனக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஷோரூம்காரர் திருடன் என்றது என்னை அவ்வளவாக ஒன்றும் செய்யவில்லை. அவள் வாயால் அது வந்துவிடக் கூடாது. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் எழுந்து நின்று, நாலு பேர் அறிய என்னைக் கெட்டவன் என்று சொல்லிவிடக் கூடாது. மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எழுந்தாள். சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அவரு நல்லவருங்க சார். ஒருத்தர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டாருங்க. ஆனா படிக்காதவருங்க. மேல இருக்கறவங்க சொன்னத அப்படியே செஞ்சுட்டு வாராரு. அது தப்புன்னே அவருக்குத் தெரியாதுங்க.”

சார் தலையாட்டினார். “தெரியாமல் செய்தால் குற்றம் குறையுமா? நல்ல கேள்வி” என்று மூன்றாவது கட்டத்தில் ‘அறியாமை’ என்று எழுதினார்.

அவள் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பார்த்ததும் திருடன் என்றே எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. தெரியாதாமே! விடிகாலையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று கோட்பாட்டையும் இவளுக்கு உருப்போட வைத்தவன் யார்? கீறல் முட்டை யாருடையது? எனக்கா தெரியாது?

அதோடு எனக்கு ஒரு முகமும் ஞாபகம் வந்தது. சில வருடம் முன்பு மாசியில் ஒரு விவசாயி வந்தார். அவர் கிழங்கைக் கிணற்று மேட்டில் கொட்டிக் கழுவி, துடைத்தது போலக் கொண்டுவந்திருந்தார். முள் இருபத்தெட்டு காட்டியது. நான் இருபத்தேழு என்றேன்.

“சாமி, மண்ணே இல்லீங்களே. களுவித்தான கொண்டாந்தேன்?”

“ஈரம் இருக்குதுங்க.”

“அப்ப ஈரத்துக்கு ஒண்ணுங்களா?”

நான் கூடையைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். அவர் சிரித்தார். “மண்ணுக்கும் ஒண்ணு, தண்ணிக்கும் ஒண்ணு. காத்துக்கு ஒண்ணு எடுத்துறாதீங்க சாமி, நான் மூச்சு உடோணும்” என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுக்கொண்டு போனார். சிரித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் மில்லுக்கு வரவில்லை. அன்றிலிருந்து எண்ணைச் சொல்லும்போது நான் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, தொட்டியைப் பார்த்துத்தான் சொல்வேன். தெரியாதவனா அப்படித் தொட்டியைப் பார்ப்பான்?

எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. கடைசி பெஞ்சிலிருந்து என் குரல் வந்தது. கிழங்கு மேட்டில் எண்ணைச் சொல்கிற அதே குரல்.

“தெரியுங்க.”

வகுப்பு மொத்தமும் திரும்பியது. சார், “என்ன தெரியும்?” என்றார்.

“அவனுக்குத் தெரியுங்க சார். தப்புன்னு தெரியுங்க.”

“நீங்க யாரு?”

என்ன சொல்வது? “செவ்வாப்பேட்டைக்கு வந்தனுங்க” என்றேன். பையைத் தூக்கிக் காட்டினேன். “கடுகு வாங்கோணும்னு.”

ஷோரூம்காரர் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “எங்க ஊட்டுக்காரருங்க சார்” என்றாள்.

சார் நல்ல மனிதர். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. “உட்காருங்க ஐயா” என்று சொல்லிவிட்டு, பலகைக்குப் போய், அறியாமை என்று எழுதியதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பள்ளிபாளையத்து அம்மா மட்டும் இன்னும் திரும்பியே உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். கிழங்கு மாவும் தண்ணீரும் இருபது வருடம் ஊறிய கை, விரல் நுனியெல்லாம் வெடித்து வெளுத்திருக்கும். அவருக்குப் புரிந்துவிட்டது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். மல்லூர் தாண்டியதும் கேட்டாள்.

“தெரிஞ்சேதான் சொன்னீங்களா, இத்தன வருசமும்?”

“ம்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீ கேக்கல.”

“நானே போயி படிக்காதவரு, தெரியாதுன்னு சொல்லிப்போட்டேன். தெரியாதுன்னா தப்புப் பாதிதானுங்களே, பாதியாச்சும் கொறையட்டும்னுதான் சொன்னேன்.”

“எனக்குப் பாதி வேண்டாம்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். “அடேயப்பா. தப்புலகூட முழுசா வேணுமாக்கும்?” என்றாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னது சரியாக இருந்தது. நான் அந்த வகுப்பில் வாய் திறந்தது கிழங்குக்காரர்களுக்காக இல்லை. எனக்கும் தெரியும் என்று சாருக்குக் காட்டத்தான். நியாயம் பேசினேன், எதற்காகப் பேசினேன் என்று கேட்டால் மார்க் இல்லை.

ராசிபுரத்தில் இறங்கி நடக்கும்போது அவள் சொன்னாள். “அன்னைக்குக் கேட்டீங்களே, தொடையில வாரத ஏன் நெறிங்கறாங்கன்னு. சாரக் கேட்டனுங்க. அவருக்கும் தெரியலீங்களாம்.”

எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம். அப்போதும் அது போகவில்லை பாருங்கள். கொஞ்ச தூரம் போனபின் நான் சொன்னேன். “புண்ணு ஒரு எடத்துல இருக்கும், நெறி இன்னொரு எடத்துல கட்டும். நெறியத் தடவிட்டிருந்தா ஆறாது. கால்ல முள்ளப் பாக்கோணும்.”

“இத எழுதிக்கட்டுங்களா?” என்றாள்.

“எழுதிக்காத” என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் வண்டி ஆறே முக்காலுக்கு வந்தது. முள் இருபத்தாறு காட்டியது, இருபத்தாறு என்றேன். மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதினார். இரண்டாவது வண்டிக்கு இருபத்தெட்டு, மூன்றாவதற்கு இருபத்தைந்து. பதினோரு மணிக்கு முதலாளி கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். மத்தியானத்திலிருந்து என்னை ஜவ்வரிசி காயப்போடுகிற களத்துக்கு மாற்றிவிட்டார்கள். தராசுக்கு வேறு ஆள் வந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எழுதிக்கொள்வாள்.